தாயத்துக்குள் ஒரு சாவி

குற்றாலம் பேரருவிக்குத் தலையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த குற்றாலலிங்கம், வழக்கம்போல இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். ஈரத்துண்டு இருந்தது. அரைஞாண் கயிறு இல்லை.

துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து தரையைத் தடவினார்.

"என்ன அண்ணாச்சி, வேட்டி போயிட்டா?" என்றார், உடம்பெல்லாம் எண்ணெய் வழிய வரிசையில் நின்ற ஒருவர்.

"வேட்டி போனா பரவாயில்லவே."

கயிற்றில் ஒரு வெள்ளித் தாயத்து இருந்தது. திருகு மூடி வைத்தது. தாயத்துக்குள் மந்திரத் தகடு கிடையாது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பென் டிரைவ். அதுதான் அவருடைய லேப்டாப்பின் சாவி. அதைச் சொருகாமல் யாராவது லேப்டாப்பைத் திறக்கப் பார்த்தால் உள்ளே இருப்பது முழுக்க அழிந்துவிடும். அப்படித்தான் வேண்டும் என்று அவரே கேட்டுச் செய்துகொண்ட ஏற்பாடு.

குற்றாலலிங்கம் தொலைபேசித் துறையில் லைன் பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பத்தில் ஏறி லைனைச் சோதிக்கும்போது, விழக் கூடாத பேச்சுகள் காதில் விழுந்துவிடும். யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் ஊராரின் ரகசியங்கள் அவருக்குள் கிடந்து கனத்தன. தன் வீட்டுப் பேச்சையும் இப்படி யாரோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து சுமந்துகொண்டிருப்பான் என்று ஒருநாள் தோன்றியது. அன்றோடு நிம்மதி போயிற்று.

லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டார். "மத்ததெல்லாம் வாடகை வீடு. இது சொந்த வீடு. ஒவ்வொரு செங்கலையும் தட்டிப் பாத்துக்கலாம்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். ஒரு செங்கலையும் அவர் தட்டிப் பார்த்ததில்லை. தட்டலாம் என்பதே போதுமாக இருந்தது. கேமராவின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார். சென்னையிலிருந்து மைத்துனன் முத்துகுமரன் வாங்கி அனுப்பிய ஸ்மார்ட் டிவியை, வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்கும் என்று சொல்லி, பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். மனைவி உமாதேவி கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஏனோ டிவியைப் பற்றிப் பேச்செடுப்பதையே விட்டுவிட்டாள். அவளுக்குப் பெரிய மனசு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இப்போது அவர் தரையைத் தடவியது டிவிக்காகவோ லினக்ஸுக்காகவோ அல்ல. மாமனார் வீரபாகுவின் குரலுக்காக.

சுரண்டையில் இருந்த வீரபாகு, தினமும் காலையில் மகளுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை, மழை உண்டா, மருமகன் இன்னும் பொட்டியைப் பூட்டிக்கொண்டுதான் இருக்கிறாரா. அவர் போய் நாளையோடு ஒரு வருடம். திவசத்துக்கு முத்துகுமரன் சென்னையிலிருந்து வருகிறான். அப்பா குரலை ஒருமுறை கேட்க வேண்டும் என்று போனிலேயே அழுதிருக்கிறான்.

அந்தக் குரல்கள் முழுவதும் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தன. உமாதேவியின் போனிலிருந்து எடுத்து லேப்டாப்பில் போட்டுவிட்டுப் போனில் இருந்ததைக் குற்றாலலிங்கமே அழித்திருந்தார்.

"செத்தவரு குரல வச்சு இப்ப என்னெல்லாம் செய்யுதான் தெரியுமா? உங்கப்பா மாதிரியே பேசி ஒங்கிட்ட ஓடிபி கேப்பான்."

"எங்கப்பா உசுரோட இருந்தப்பவும் எங்கிட்டதான் ஓடிபி கேப்பாரு" என்றாள் உமாதேவி. ஆனால் போனைக் கொடுத்துவிட்டாள்.

முதலில் கொஞ்ச காலம், "அப்பா பேச்சப் போடுங்களேன்" என்று வந்து நிற்பாள். பிறகு கேட்பதில்லை. துக்கம் ஆறிவிட்டது போலும் என்று அதையும் அவர் நினைத்துக்கொண்டார். தாயத்துக்குள் இருப்பது என்ன என்று அவளுக்கும் தெரியாது. கண்ணேறு படாமலிருக்கக் கட்டியது என்று சொல்லியிருந்தார்.

அருவிக்கரை மைக்கின் முன்னால் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். குற்றாலலிங்கம் போய் நின்றார்.

"என்ன தொலைஞ்சது?"

"தாயத்து."

"பேரு சொல்லுங்க."

"பேரு எதுக்கு?"

"எடுத்தவன் யாருகிட்டக் குடுப்பான்? அருவிகிட்டயா?"

பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். தெருவைக் கேட்டபோது, "மேலகரம்னா போதாதா?" என்று பார்த்தார். போதாது. கடைகளில் பில் போடும்போதுகூடச் சொல்லாத போன் நம்பரை, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து போலீஸ்காரரின் காதுக்குள் சொன்னார்.

"உள்ள என்ன மந்திரம் எழுதியிருக்கு?"

"அதச் சொல்லக் கூடாது. யாரும் தொறந்தும் பாக்கக் கூடாது."

போலீஸ்காரர் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். பிறகு அருவிச் சத்தத்தையும் மீறி ஒலிபெருக்கி முழங்கியது.

"பொதுமக்கள் கவனத்திற்கு! மேலகரம் வடக்குத் தெருவைச் சேர்ந்த குற்றாலலிங்கம் என்பவர் இடுப்பில் கட்டியிருந்த சக்தி வாய்ந்த தாயத்து அருவியில் விழுந்துவிட்டது. கண்டெடுப்பவர்கள் எக்காரணம் கொண்டும் அதைத் திறந்து பார்க்க வேண்டாம்..."

அடுத்து அவருடைய போன் நம்பர். ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி, இரண்டு முறை.

"சக்தி வாய்ந்ததுன்னு நான் சொல்லலியே!"

"அப்படிச் சொன்னாத்தான் சார் தேடுவாங்க."

ஒருவரும் தேடவில்லை. அருவியின் கீழ் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். எண்ணெய் தேய்த்துக் காத்திருந்தவர்கள் எண்ணெயோடு திரும்பிப் போனார்கள். சீசன் உச்சத்தில், ஆண்கள் பக்கம் மொத்தத்திலும் காது கேளாத ஒரு பெரியவர் மட்டும் கைகளை விரித்துக்கொண்டு ஆனந்தமாகக் குளித்துக்கொண்டிருந்தார்.

சட்டையோடு கரையில் வைத்திருந்த போன் அடிக்க ஆரம்பித்தது.

"தாயத்து தொலைச்ச அண்ணாச்சியா? நாங்க வாசுதேவநல்லூர். எங்க மருமவ இப்பத்தான் குளிச்சா. ஒண்ணும் ஆயிராதுல்லா?"

"ஒண்ணும் ஆவாதும்மா. அது வெறும் தாயத்து."

"வெறும் தாயத்துன்னா எதுக்கு மைக்கு வச்சுத் தேடுதீரு?"

அடுத்தவர், புதுத் தாயத்து ஒன்று மந்திரித்துத் தருவதாகச் சொன்னார். அதற்கடுத்து வந்தது உமாதேவி.

"ஏங்க, எதிர்வீட்டு நிர்மலாதேவி அங்கன குளிக்க வந்திருக்கா. ஒங்க பேர மைக்குல சொன்னாங்களாமே? தாயத்து போனா போவுது, வேற கட்டிக்கலாம். ஈரத்தோட நிக்காதிய."

"ம்" என்றார்.

ஒரு ஆள் தூரத்திலிருந்து கையை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தான். கையில் வெள்ளித் தாயத்து! குற்றாலலிங்கம் அதைப் பிடுங்கித் திருகினார். உள்ளே சுருட்டிய செப்புத் தகடு. அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் வெடித்தது.

"யோவ்! எம்புள்ள பயந்த கோளாறுக்குக் கட்டினத எதுக்குவே தொறந்தீரு?"

"என்னுதுன்னு நெனச்சிட்டேன்."

"ஒம்முதத் தொறக்கக் கூடாதுன்னு மைக்குல கத்துதாங்க. அடுத்தவன் வீட்டுதுன்னா தொறந்து பாப்பீரோ?"

குற்றாலலிங்கம் கையிலிருந்த தகட்டைப் பார்த்தார். கம்பத்தின் மேல் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு தொங்கிய காலம் ஒரு கணம் ஞாபகம் வந்தது. தகட்டைப் பழையபடி சுருட்டிக் கொடுத்துவிட்டு, தென்காசி பஸ்ஸைப் பிடித்தார்.

கிதிர் முகம்மதுவின் கம்ப்யூட்டர் கடை பேருந்து நிலையத்துக்கு அருகில் இருந்தது. லினக்ஸ் போட்டவனும், பூட்டுப் போட்டவனும், ஆறு மாதத்துக்கு முன்னால் வேகம் பத்தவில்லை என்றபோது பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புது எஸ்எஸ்டி மாட்டிக் கொடுத்தவனும் அவன்தான். கடையில் ஒரு கல்லூரிப் பெண் மவுஸ் வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் போகும்வரை குற்றாலலிங்கம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்க அண்ணாச்சி. என்ன, தலையெல்லாம் ஈரம்?"

"சாரல்" என்றார். தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு இருக்காரு."

"யாரு?"

"பேரு வேண்டாம். டிஸ்க்குக்குப் பூட்டு போட்டிருக்காரு. சாவி பென் டிரைவ்ல. அது தொலைஞ்சு போச்சு."

"எங்கன தொலைச்சாரு?"

"தண்ணியில."

கிதிர் அவருடைய தலையை இன்னொருமுறை பார்த்தான்.

"இன்னொரு சாவி வச்சிருப்பாரே?"

"ஒடச்சிட்டாரு. ரெண்டு சாவி இருந்தா ரெண்டு வழி இருக்குன்னு அர்த்தமாம்."

"சரி, உள்ள இருக்கதுக்குக் காப்பி?"

"காப்பி எடுக்குதது கள்ளனுக்கு இன்னொரு வாசல் வைக்கிற மாதிரின்னு அவருக்கு ஒரு எண்ணம்."

கிதிர் பெருமூச்சு விட்டான். "நெசமாவே பூட்டியிருந்தா முடிஞ்சது அண்ணாச்சி. பூட்டச் செஞ்சவனே வந்தாலும் தொறக்க ஏலாது. அதுக்குத்தான அந்தப் பூட்டு. ஒங்க லேப்டாப்புன்னா பயமே இல்ல, ஏன்னா அதுல நான்..."

"என்னுத இல்ல!"

"இல்ல, ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன். ஒங்களுதுல எஸ்எஸ்டி மாத்தும்போது அந்தப் பூட்ட..."

"என்னுதப் பத்திப் பேசாதீரும்! தெருவுல நாலு பேரு போறான், வாரான். நான் பொதுவாத்தான் கேட்டேன்."

இவரிடம் வாதாடிப் பயனில்லை என்பது கிதிருக்கு அனுபவத்தில் தெரியும். பேச்சை மாற்றினான்.

"பேட்டரி நிக்க மாட்டேங்குதுன்னு போன வாரம் சொன்னியளே. தெனம் அரை மணி நேரம்தான ஓட்டுதீய? அதுக்கு இப்படித் தீராதே."

"யாரோ உள்ள இருந்து உறிஞ்சுதான்" என்றார் குற்றாலலிங்கம் சோர்வாக. "இனிமே உறிஞ்சினா என்ன, உறிஞ்சாட்டா என்ன?"

மேலகரம் நிறுத்தத்தில் இறங்கியபோது மணி மூன்று இருக்கும். வழக்கமாக அந்த நேரத்தில் அவர் நூலகத்தில் இருப்பார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போய் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் வீடு. இன்று நூலகம் இல்லை, சாப்பாடும் இல்லை.

நடந்துகொண்டே, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தார். 'உமா, உங்கப்பா குரல் போயிட்டு.' சரியில்லை. 'உமா, அந்தக் குரலைக் கள்ளன் எடுக்கல, நான்தான் எடுத்தேன்.' அது உண்மையாக இருந்தது. அதனாலேயே சொல்ல வராது என்று தோன்றியது. ஊர் முழுவதிலிருந்தும் ஒளித்துக் காப்பாற்றிய ஒரு பொருளை, அதற்கு உரியவளுக்கே இல்லாமல் ஆக்கியிருக்கிறார். யாரும் வேவு பார்க்காத, யாரும் இனிமேல் கேட்கவே முடியாத ஒரு குரல். இதைவிடப் பெரிய பாதுகாப்பு உலகத்தில் கிடையாது.

நடையில் செருப்பைக் கழற்றியபோது, ஜன்னலுக்கு உள்ளேயிருந்து வீரபாகு பேசினார்.

"ஏட்டி உமா! சந்தையில கத்தரிக்கா வெலையப் பாத்தா, இனிமே அத வாங்கிப் பீரோவுலதான் வைக்கணும். மருமவன் இன்னும் அந்தப் பொட்டியப் பூட்டிக்கிட்டுதான் இருக்காரா? கள்ளன் வாரதுக்கு உள்ள என்னட்டி இருக்கு? கேட்டேன்னு சொல்லு..."

பிறகு அந்த இருமல். பிறகு அந்தச் சிரிப்பு.

குற்றாலலிங்கம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து நெஞ்சின் மேல் இருந்த அருவி நின்றுபோனது போல இருந்தது. உள்ளே மாமனார் அடுத்த நாள் காலைக்குத் தாவி, மழை இல்லாததைத் திட்ட ஆரம்பித்தார். இவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக, ஒட்டுக்கேட்பது எவ்வளவு நல்ல காரியம் என்று தோன்றியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

கூடத்து மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. அதன் முன்னால் நாற்காலியில் உமாதேவி. கீழே காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், பாத்திரம் விளக்க வரும் மாடத்தி. இவரைக் கண்டதும் உமாதேவி பதறி எழுந்தாள்.

"நீங்க... லைப்ரரிக்குப் போவலியா? தம்பிக்கு எதெதப் போடலாம்னு சும்மா பாத்துக்கிட்டு..."

"அழியலியா?" என்றார் அவர்.

"என்னது அழியல?"

"நீ எப்படித் தொறந்த? சாவி எங்கிட்ட... சாவி அருவியிலல்லா போச்சு!"

உமாதேவி விழித்தாள். "சாவியா? தாயத்துன்னுதான மைக்குல சொன்னாங்க?"

"தாயத்துக்குள்ளதான் உமா சாவி! அதச் சொருகாம இந்த லேப்டாப்ப யாராலயும் தொறக்க முடியாது!"

உமாதேவி லேப்டாப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கடைசியில் மாடத்தியைப் பார்த்தாள். மாடத்தி உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நல்லா இருக்கே கத! ஆறு மாசமா நீங்க தெருவத் தாண்டினதும் நாந்தான அண்ணாச்சி அந்தப் பொத்தான அமுக்குதேன்? மொதல்ல தாத்தா பேச்சு, அப்பறம் ரெண்டு நாடகம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ரெண்டாவது நாடகம் ஆரம்பிச்சிருப்பான்!"