செக்கர் அளந்த மூச்சு

உலகத்தில் ஒருத்தரையும் நம்பாமல் ஒரு மனிதர் உயிர்வாழ முடியும் என்பதற்கு எங்கள் செக்கர்தான் சாட்சி. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிப்பது அவர் தொழில். சொந்த மாமியாரிடமே டிக்கெட்டைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் "சுகமோ மாமி?" என்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் முள்ளியவளையில் எங்கள் உதைபந்தாட்டக் குழுவுக்குப் பயிற்சியாளரும் அவரே. சனிக்கிழமை முல்லைத்தீவுக் கடற்கரைப் பெடியளோடு ஆட்டம். "கடலுக்குள்ளை மூச்சடக்கிச் சுழியோடுற பெடியளடா அவங்கள். மூச்சில்லாதவன் எனக்கு வேண்டாம்" என்றார். முதல் தடவையாகக் குழுவில் இடம் கிடைக்குமா என்று நான் நித்திரையில்லாமல் கிடந்த வாரம் அது.

மூச்சை அளக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். குளக்கட்டின் மறு அந்தம்வரை ஓடித் திரும்பி, வந்த கையோடு சங்கு ஊத வேண்டும். கோயில் சங்கை இரவல் வாங்கி வைத்திருந்தார். நீட்டி ஊதுகிறவனுக்குக் குழுவின் பெனியன்.

ஓடி வந்தவனையும் நம்பமாட்டார். கோல்கீப்பரின் நெற்றி வேர்வையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பைக் காணேல்லை! குளத்துத் தண்ணியைத் தெளிச்சுக்கொண்டு வந்து எனக்கே காட்டுறியோ? ஓடடா திரும்பி!"

அவன் திரும்பவும் ஓடினான்.

நான் ஓடி வந்து சங்கைக் கையில் எடுக்கும்போது ஊரே குளக்கட்டில் ஏறிவிட்டது. எங்கள் பக்கம் நேரங்கெட்ட நேரத்தில் சங்கு கேட்டால் செத்தவீடுதான். அன்றைக்கோ ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டிருக்கிறது; சனம் பதறாதா? எல்லோருக்கும் முன்னால் தலைவிரிகோலமாக என் அம்மா.

"ஆர் தம்பி போனது?" என்று செக்கரைக் கேட்டார்.

"ஒருத்தரும் போகேல்லை அக்கா. உங்கடை மோனுக்கு மூச்சிருக்கோ எண்டு பாக்கிறன்."

"ஐயோ!" என்று அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

பிறகு கேட்கவா வேண்டும்? கோயில் பெரியவர் வாயில் வந்தபடி ஏசி, சங்கைப் பறித்துக்கொண்டு போனார். நான் இன்னும் ஊதவேயில்லை. போச்சு என் இடம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செக்கர் கிட்ட வந்தார். விரலை நீட்டப் போகிறார் என்று நெற்றியைக் காட்டினேன். அவரோ என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"அந்தம்வரை ஓடினனியோடா?"

"ஓம் அண்ணை, முழுக்க ஓடினனான்."

"சரி. நீ சொன்னால் சரிதான்" என்று பெனியனைத் தூக்கித் தந்தார். சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

சனிக்கிழமை நாங்கள் தோற்றோம். கால் இரண்டும் விட்டுப்போன பிறகும் நான் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் என்னை நம்பிவிட்டாரே, வேறென்ன செய்வது?