ஜன்னலோரம் காலமானார்

‘ஜன்னலோரம்’ என்ற வாசகர் மூன்று புத்தகங்களை இன்னும் திருப்பித் தரவில்லை என்று கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் சொன்னது. நூலகர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்படி ஒரு ஆளே கிடையாது.

கிளை நூலகங்களை எல்லாம் வலைத்தளத்துக்கு மாற்றியபோது, பயிற்சி வகுப்பில் சோதனைக்கு ஒரு உறுப்பினரைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். புனைபெயர் கேட்ட கட்டத்தில், உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்து ‘ஜன்னலோரம்’ என்று அடித்தார். விலாசமும் தொலைபேசி எண்ணும் நூலகத்துடையதே. வகுப்பு முடிந்ததும் அழித்திருக்க வேண்டும். மனசு வரவில்லை.

இப்போது புத்தகம் தேடுவது, முன்பதிவு, புதுப்பிப்பது எல்லாமே வலையில்தான். பதிவானதை எண் பூட்டுப் போட்ட வாசல் பெட்டியில் வைத்துவிட்டால் போதும்; வாசகர் தன் எண்ணை அழுத்தி எடுத்துக்கொண்டு போய்விடுவார். உள்ளே வரவேண்டிய அவசியமே இல்லை. மனைவி போய் நான்கு வருடம். வீட்டிலும் பேச ஆளில்லை, வேலையிடத்திலும் இல்லை. சில நாள் மதியம் மூன்று மணிக்கு இருமும்போதுதான் அன்றைக்கு முதல்முறையாகத் தன் குரலைக் கேட்பார்.

அதனால் ஜன்னலோரத்தின் பெயரில் ஒரு புத்தகம் பதிவு செய்வார். கம்ப்யூட்டர் ‘டிங்’ என்னும். யாரோ கேட்டுவிட்ட பரபரப்போடு எழுந்து, அலமாரியில் தேடி எடுத்து, பெட்டியில் வைப்பார். சாயங்காலம் வெளியே போய், எண்ணை அழுத்தி, அவரே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்.

தொலைபேசி மணி அடித்தது. தலைமை அலுவலக அதிகாரி.

“என்ன சார், உங்க வாசகர் மூணு புக்கை வச்சுக்கிட்டு அசைய மாட்டேங்கறாரே? போன் போட்டீங்களா?”

“போட்டேன் மேடம். எப்பவும் பிஸியாவே இருக்கு.”

பொய்யில்லை. நூலகத் தொலைபேசியிலிருந்து நூலகத்துக்கே போட்டால் வேறென்ன வரும்?

அவசர அவசரமாக மூன்றையும் திரும்பியதாகப் பதிந்தார். கம்ப்யூட்டர் விடவில்லை. ‘புத்தகம் எப்படி இருந்தது?’ என்று ஒரு கட்டம் வந்து நின்றது. எழுதாமல் நகர முடியாது. மனசில் பட்டதை நான்கு வரி எழுதினார்.

மறுநாள் காலை அதன் கீழே ஒரு பதில். எழுதியவர் வேறொரு கிளையின் வாசகி, ‘பாதிப்பக்கம்’.

“மூணாவது அத்தியாயத்துல நீங்களும் அழுதீங்களா, இல்ல நான் மட்டும்தானா?”

நூலகர் அதை நான்கு முறை படித்தார். பிறகு அடித்தார். “நான் ரெண்டாவதுலயே ஆரம்பிச்சுட்டேன்.”

அன்றிலிருந்து அரை மணி நேரம் முன்னதாகவே வந்து கதவைத் திறந்தார். பாதிப்பக்கம் தினமும் எழுதினாள். புத்தகத்தில் ஆரம்பித்து, தனியாளுக்குச் சமைப்பதில் உள்ள சோம்பேறித்தனம் வரைக்கும் பேச்சு போனது. நான்கு மாதம் ஓடியதே தெரியவில்லை.

மறுபடியும் அதிகாரி.

“சார், சந்தோஷமான விஷயம்! இந்த வருஷம் சிறந்த இணைய வாசகர் உங்க ஜன்னலோரம்தான். விழாவுக்குக் கூட்டிட்டு வாங்க.”

“அவருக்கு... உடம்பு சரியில்ல மேடம்.”

“அச்சச்சோ. அப்ப வீட்டுக்கே போய்க் குடுத்துடலாம். ஆனா விலாசம் நம்ம நூலகம்னு இருக்கே?”

“எந்நேரமும் இங்கயேதான் இருப்பார். அந்த நினைப்புல போட்டிருப்பார்.”

“சரி, வீடியோல வரச் சொல்லுங்க. படுத்துக்கிட்டே பேசட்டும், பரவாயில்ல.”

எல்லா வழியும் அடைபட்டது. “மேடம், அவர் தவறிட்டார்.”

“ஐயோ! எப்போ?”

“இப்பத்தான்.”

“இப்பத்தானா?”

“தகவல் இப்பத்தான் வந்துச்சு.”

போனை வைத்த கையோடு, உறுப்பினர் பக்கத்தைத் திறந்து ‘இறந்துவிட்டார்’ என்ற பட்டனை அழுத்தினார். விருதுக்குரிய வாசகர் என்பதால், அடுத்த நிமிடமே வலைத்தளத்தின் முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் அறிவிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு இதே கிளையில் இரங்கல் கூட்டம் என்று அதிகாரி அதில் ஒரு வரி சேர்த்துவிட்டார்.

பாதிப்பக்கம் அதன் பிறகு எழுதவில்லை. தன் பெயரில் ஆறுதல் சொல்லலாம் என்று நூலகர் உட்கார்ந்தார். எழுதினார், அழித்தார். யார் என்று சொல்லிக்கொண்டு எழுதுவது? தன்னோடு பேசிய ஒரே ஜீவனையும் ஒரு பட்டனில் தொலைத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நாற்காலிகள் போட்டார். படம் வைக்க வேண்டிய மேசையில், வேறு வழியில்லாமல், ஜன்னலோரம் கடைசியாகப் படித்த புத்தகத்தை வைத்தார். அதிகாரி கம்ப்யூட்டர் திரை வழியாகக் கலந்துகொண்டு, “ஈடு செய்ய முடியாத...” என்று தொடங்கும்போதே இணைப்பு அறுந்தது. நாலரை வரை யாரும் வரவில்லை.

பிறகு நனைந்த குடையோடு ஒரு அம்மாள் தயங்கித் தயங்கி வாசலில் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். அழுத கண்.

நூலகர் வாசலுக்கு விரைந்தார். “நீங்க... பாதிப்பக்கமா?”

“இல்ல சார். நான் அவங்க கிளையோட நூலகர்.”

அவளுக்கு ஒரு நாற்காலியை நகர்த்தினார். இரண்டு பேரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். மேசையிலிருந்த புத்தகத்தை அவள் கையிலெடுத்து, அட்டையைத் தடவிக் கொடுத்தாள்.

“அவங்க ஏன் வரல?” என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் தலை நிமிரவில்லை.

“இனிமே வர மாட்டாங்க சார். அவரே போனப்புறம் யாருக்கு எழுதறதுன்னு, அன்னைக்குச் சாயங்காலமே அவங்களையும் நானே பட்டனை அழுத்திச் சாகடிச்சுட்டேன்.”