சுடர் சாய்ந்த ஜன்னல்

எங்கள் குடியிருப்பில் நாற்பது வீடு. போன மாதம் வரை எல்லா வீட்டிலும் ஜன்னல் இருந்தது. இப்போது பாதி வீட்டில் ஜன்னல் இருந்த இடத்தில் செங்கல் இருக்கிறது. எல்லாம் சுடர் வைத்தியரின் கைங்கரியம்.

மனுஷனுக்கு வைத்தியம் பார்க்க மாட்டார். வீட்டுக்குத்தான். மெழுகுவர்த்தியை ஏற்றி ஜன்னலருகே பிடிப்பார். சுடர் சாயும். வெளியே சாய்ந்தால் அதிர்ஷ்டம் போகிறது. உள்ளே சாய்ந்தால் கெடுதல் வருகிறது. எப்படிச் சாய்ந்தாலும் செங்கல்! அடைத்த பிறகு பிடித்தால் சுடர் சிலை மாதிரி நிற்கும். கூட்டம் கைதட்டும். அவரிடம் டோக்கன் வாங்க விடிவதற்குள் வரிசை. பஸ்ஸுக்குக்கூட நாம் இப்படி ஒழுங்காக நின்றதில்லை.

மூன்றாவது மாடி டெய்லர், உள் அறையின் இரண்டு ஜன்னலையும் அடைத்தார். சுவரில் பூஞ்சை வந்தது. அங்கே படுக்கும் ஆறு வயது மகளுக்கு மூச்சிழுப்பு வந்தது. அதிர்ஷ்டம் மட்டும் வரவில்லை, வழி அடைபட்டுவிட்டது போல.

"முன் ரூம் ஜன்னல் ஒண்ணு பாக்கி இருக்குல்ல, அதான் புள்ளைக்கு ஆகல. அதையும் அடைங்க, இழுப்பு ஓடிரும்" என்றார் வைத்தியர்.

அடைக்க வந்தவர் டெய்லரின் அக்கா. இருபது வருஷமாகக் கொத்துவேலை. உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"என்னடா தம்பி, வீடா இது? மூடி போட்ட டப்பா மாதிரி இருக்கு."

"புள்ளைக்காகத்தான்க்கா. பூசிடு."

"பூசறேன். ஐயா, மொதல்ல சுடரக் காட்டுங்க."

வைத்தியர் முன் ரூம் ஜன்னலருகே காட்டினார். சாய்ந்தது. பார்க்க வந்த கூட்டம் "அடேயப்பா!" என்றது.

அக்கா போய், திறந்து கிடந்த வாசல் கதவைச் சாத்தினார்.

"இப்பக் காட்டுங்க."

ஜன்னல் திறந்தபடியே இருந்தது. சுடர் நிமிர்ந்து நின்றது. கதவைத் திறந்தார், சாய்ந்தது. சாத்தினார், நிமிர்ந்தது. நாலு தடவை. வைத்தியரை விட அக்கா பேச்சைத்தான் சுடர் கேட்டது.

"அதிர்ஷ்டம் கதவுக்குக் கட்டுப்படுமாய்யா? அடைக்கிறதுக்கு முன்னாடி கதவத் தொறந்து வைக்கிறீங்க, அடைச்சதும் சாத்தச் சொல்றீங்க. இது காத்துய்யா! ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகட்டும்னுதான் கதவுக்கு நேரா நாங்க ஜன்னல் வைக்கிறோம். வெளிச்சம் பட்டாத்தான் சுவர் காயும். நீங்க அடைச்சது புள்ளையோட மூச்ச."

"நம்பிக்கை இல்லாத எடத்துல சக்தி வேலை செய்யாதும்மா."

"சரி, நம்புறேன். அதிர்ஷ்டம் நெறஞ்ச உள் ரூம்ல, கதவச் சாத்திக்கிட்டு, எங்க எல்லாரோடயும் ஒரு மணி நேரம் உக்காருங்க."

"ஐயோ, எனக்கு மூச்சு முட்டும்!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் வைத்தியர்.

கூட்டத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவரவர் வீட்டுச் சுவர் ஞாபகம் வந்திருக்கும். வைத்தியர் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினார்.

டெய்லர் அக்காவின் கையிலிருந்து சுத்தியலை வாங்கி, உள் அறைச் சுவரில் தானே முதல் அடி அடித்தார். ஒரு கல் பெயர்ந்து விழுந்ததும் மகள் ஓடிப்போய் அந்த ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

இப்போது அக்கா வீடு வீடாகச் செங்கல்லை உடைத்துக் கொண்டிருக்கிறார். சுவரில் அடைத்ததை உடைக்க ஒரு சுத்தியல் போதும். மண்டையில் அடைத்து வைத்திருக்கிறோமே, அதை உடைக்க அக்கா வரமாட்டார்.