காருக்கு ஏழரைச் சனி

எண்பத்து நான்காம் வருஷம் திருவண்ணாமலையில் மனிதர்களைவிட வண்டிகளுக்குத்தான் பக்தி முற்றிப்போயிருந்தது. ஆசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டில் மின்னொளிச் சித்தர் கொட்டகை போட்டிருந்தார். விடிந்ததும் போனால் லாரி, வேன், டெம்போ, பைக் எல்லாம் வரிசையில் நிற்கும். கார்கள் பானெட்டைத் திறந்துகொண்டு, டாக்டரிடம் நாக்கு நீட்டும் நோயாளிபோலக் காத்துக் கிடக்கும்.

சித்தர் கொடுத்தது எலக்ட்ரானிக் இக்னிஷன். வெளிநாட்டுக் கார்களில் அப்படி ஒன்று வந்துவிட்டதாம், வண்டி நிற்கவே நிற்காதாம் என்று ஊரெல்லாம் பேச்சு. அது என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத விஷயம் சாமியாருக்குத் தெரிந்துதானே ஆகவேண்டும்?

சகாதேவனும் வரிசையில் நின்றார். அவருடையது ஐம்பத்தாறாம் வருஷத்துக் கறுப்பு வாடகைக் கார். மகளின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வரும்போது அது அவலூர்பேட்டை ரோட்டில் நின்றுபோய், சம்பந்தியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். அன்றிலிருந்து பெண் கஸ்தூரிக்குத் 'தள்ளுவண்டி வீட்டுப் பொண்ணு' என்று பட்டம். கல்யாணத்தன்று அதே காரில் மாப்பிள்ளையை நிற்காமல் கொண்டுவந்து சேர்த்தால்தான் தலைநிமிர முடியும் என்று சகாதேவன் வைராக்கியமாக இருந்தார்.

மெக்கானிக் காசி நல்லபடியாகத்தான் சொன்னான். "எலக்ட்ரானிக் செட்டு வேலூர்ல கிடைக்குதுண்ணா. எஞ்சினுக்குத் தீப்பொறி குடுக்கற பிளாட்டினத்தை எடுத்துட்டு அந்த எடத்துல வெக்கிறது. உங்க காயிலுக்குப் பொருந்துதா, வண்டிக்கு ஒத்துக்குதான்னு ஓட்டிப் பாத்து வாங்கணும். அவசரப்படாதீங்க."

"நீ ஓட்டிப் பாத்துதான் சொல்லுவ. சாமி பாக்காமயே சொல்றாரு" என்றார் சகாதேவன். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு.

சித்தரிடம் மூன்று வகைப் பெட்டிகள் இருந்தன. பிரம்மப் பெட்டி, விஷ்ணுப் பெட்டி, சிவப் பெட்டி. மூன்றும் சோப்பு டப்பா அளவு. பெயிண்டு மட்டும் வேறு. எது பொருந்தும் என்று காரின் ஜாதகம் பார்த்துத்தான் முடிவாகும்.

"வண்டி பொறந்த தேதி?"

"ஆர்.சி. புக்குல இருக்குது சாமி."

"நேரம்?"

"வண்டிக்கு ஏது சாமி நேரம்?"

"கொழந்தை பொறந்ததும் அழுவுதில்ல? அந்த மாதிரி வண்டி மொதமொதல்ல ஹாரன் அடிச்ச நேரம்."

"நான் தேர்டு ஹேண்டா வாங்கினேன் சாமி. கேக்கலியே."

சித்தர் கண்ணை மூடி விரல் விட்டு எண்ணினார். "ரிஷப ராசி. ஏழரைச் சனி ஓடுது. சிவப் பெட்டிதான் தாங்கும்." கார் திரைக்குப் பின்னால் சாந்திக்குப் போனது. அரைமணியில் விபூதியும் குங்குமமுமாக, எஞ்சின் பக்கத்தில் சிவப் பெட்டி தொங்க, திரும்பி வந்தது. சாவியைத் திருகியதும் உறுமியது. சகாதேவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பெட்டியத் தொறந்தா கண்ணு போயிடும். ஓட்டும்போது மலை எப்பவும் வலது பக்கமே இருக்கணும். இடது பக்கம் வந்தா நான் பொறுப்பில்ல" என்றார் சித்தர்.

மலையை வலம் வருகிற ஊர். யாருக்கு இது தப்பாகத் தோன்றும்? ஆசிரமத்துப் பக்கம் குடியிருந்த சகாதேவனுக்குத் டவுனில் இருக்கும் தேரடி பக்கம்தான். ஆனால் நேராகப் போனால் மலை இடது பக்கம் வந்துவிடும். அதனால் உப்பு வாங்கக்கூட அடி அண்ணாமலை வழியாக மலையைச் சுற்றினார். பஸ் ஸ்டாண்டுக்கு ஏறிய சவாரிக்கெல்லாம் கிரிவலம் இனாம். பெட்ரோல் தண்ணீராய் ஓடியது. அவரோ "மைலேஜ் ஜாஸ்தியாயிடுச்சு" என்று கும்பிட்டார்.

மனைவி சரசுவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாங்க, மாப்பிள்ளை வீடு நம்ம தெருவுலதான் தங்கப் போவுது. மண்டபம் தேரடியில. மலையச் சுத்திக் கூட்டிட்டு வந்தா முகூர்த்தம் தாண்டிடும். அப்புறம் இன்னா பட்டம் வெப்பானுங்க நம்ம பொண்ணுக்கு?"

"வாய அடக்குடி. சாமி குத்தம் ஆயிடும்."

சரசு வாயை அடக்கினாள். கையை அடக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சித்தருக்கு மாலை போட்டு நன்றி சொல்லக் கிளம்பினார்கள். கொட்டகை வீட்டுக்கு நாலு கடை தள்ளித்தான், டவுன் பக்கம். மலை இடது பக்கம் வருமே! முழு மலையையும் சுற்றிக்கொண்டு போய் இறங்கினார்கள். வழியெல்லாம் சகாதேவன் புகழ்மாலை பாடினார். கொட்டகையில் மாலையைப் போட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "இன்னிக்கி வெண்ணெய் மாதிரி ஓடுது. எல்லாம் பெட்டி மகிமை."

சரசு மஞ்சப்பைக்குள் கைவிட்டுச் சிவப் பெட்டியை எடுத்துச் சித்தர் மடியில் வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள். "காலையில நீங்க குளிக்கப் போனப்பவே கழட்டிட்டேன். ரெண்டு ஒயரும் சும்மா போல்ட்டுலதான் சுத்தியிருந்துச்சு."

சித்தர் அசரவில்லை. "பையில இருந்தாலும் வண்டிக்குள்ளதான இருந்துச்சு? சக்தி பரவும் தாயே."

"சரி. இப்ப உங்க மடியிலயே இருக்கட்டும். மலையை இடது பக்கம் வெச்சுத் தேரடி வரைக்கும் போயிட்டு வரோம். எல்லாரும் பாருங்க."

சகாதேவன் மலைப்பக்கம் திரும்பாமலே ஓட்டினார். கார் போனது. திரும்பி வந்தது. ஒரு இருமல்கூட இல்லை. கூட்டம் முணுமுணுத்தது. சரசு நேராகப் போய்த் திரையை இழுத்தாள். பின்னால் ஒருவன் ஒரு வேனின் பிளக்கை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கழற்றிப்போட்ட பழைய பிளாட்டினங்கள் குப்பையாகக் கிடந்தன. புதுசு மாட்டினால் எந்த வண்டிதான் ஓடாது? இதுதான் சாந்தி. பிறகு சித்தர் மடியிலிருந்த பெட்டியைப் பிடுங்கி ஓங்கித் தரையில் அடித்தாள். பழைய பஞ்சாங்கத் தாளில் சுற்றிய ஒரு கூழாங்கல் உருண்டது. யாருக்கும் கண் போகவில்லை. அன்றைக்குத்தான் சிலருக்கு வந்தது. சித்தர், வீட்டில் வைத்த பெயர் கண்ணாயிரம், காவியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டம் பிடித்தார். மலை அவருக்கு இடது பக்கம் இருந்தது.

மறுநாள் காலை மாப்பிள்ளை நேர் ரோட்டில் வந்தார், தள்ளாமல், நிற்காமல், முகூர்த்தத்துக்கு முன்னாலேயே. கஸ்தூரி மணையில் உட்கார்ந்து சிரித்தாள். சகாதேவன் பந்தியில் காசியைத் தேடிப்பிடித்து, இரண்டாவது தடவையாக லட்டு வைத்தார்.

கைகழுவும் இடத்தில் ஒரு லாரிக்காரர் சரசுவை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏம்மா, அந்தக் கூழாங்கல்லு உங்ககிட்டதான இருக்குது? இன்னா இருந்தாலும் சாமி கை பட்ட கல்லு. குடுத்தீங்கன்னா என் வண்டியில வெச்சுக்குவேன்."

சரசு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கல்லு எதுக்குங்க? அது ஏற்கெனவே உங்க தலைக்குள்ள இருக்குது. வீட்டுக்குப் போயி, அதை எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க."