ரேடியோ தரகரின் பலகை

செஞ்சிக் கோட்டைக்குள் நுழைய எதிரிகள் வருடக்கணக்கில் வெளியே காத்துக் கிடந்தார்கள். ஆனால் அதே செஞ்சியில், எங்கள் ஊரில், எந்த வீட்டு ரகசியமும் ரேடியோ தரகரின் வாயைத் தாண்டி வெளியே வர ஒரு டீ போதும். அதிலும் பாதி டம்ளர் மிச்சம் இருக்கும்.

கல்யாணத் தரகர். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது, யாருக்கும் அது தேவைப்படவில்லை. காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்ததுமே ஒலிபரப்பு ஆரம்பமாகிவிடும். எந்த வீட்டில் சம்பந்தம் முறிந்தது, எந்த மாமியார் எந்த மருமகளோடு பேசுவதில்லை, எல்லாம் வரும். பொய்யும் வரும், ஆனால் அழகாக வரும். வழுக்கைத் தலையை 'அகலமான நெத்தி' என்பார். வாயே திறக்காத பையனை, "ஒவ்வொரு வார்த்தையும் யோசிச்சுத்தான் வெளிய விடுவான்" என்பார். வேலை கிடைக்காதவனா? "அவன வெச்சுக்க இன்னும் எந்தக் கம்பெனிக்கும் கொடுப்பினை இல்ல!"

அப்படிப்பட்டவர் ஐம்பதை நெருங்கும் வயதில் சைக்காலஜி பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டார்.

"இன்னாண்ணே, திடீர்னு?" என்று கேட்டேன்.

"மூஞ்சியப் பாத்ததும் மனசுல இருக்குறதப் புட்டுப் புட்டு வெக்கலாமாம் தம்பி. மூணு வருஷம் படிப்பு. அப்புறம் வாசல்ல ஒரு பலகை, உள்ள ரெண்டு சேரு. வர்றவங்க மனசு விட்டுப் பேசணும், நான் கேக்கணும். வீடு வீடா நடந்த காலுக்கு ஒரு உக்காருற தொழில் வாணாமா?"

தொலைதூரக் கல்வி. சனி, ஞாயிறு வகுப்புக்கு விழுப்புரம் பஸ் ஏறுவார். ஜாதகங்கள் கிடந்த மஞ்சள் பையில் பாடப்புத்தகம் ஏறிக்கொண்டது. முதல் வருட முடிவில் இடிந்துபோய் வந்தார்.

"மூஞ்சியப் பாத்துச் சொல்றது சிலபஸ்லயே இல்ல தம்பி! மூளைன்றான், நரம்புன்றான். அதுல கணக்கு வேற இருக்குது!"

ஆனாலும் விடவில்லை. செய்முறைத் தேர்வுக்கு ஆள் வேண்டுமே? அர்த்தமில்லாத சொற்களை டீ மாஸ்டரிடம் வாசித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்வார். மாஸ்டர் அதை மனப்பாடம் செய்துகொண்டே சர்க்கரை போடாத டீயை ஊருக்கெல்லாம் ஊற்றினார். கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரைகிற சோதனைக்குத் தன் மனைவியை உட்கார வைத்தார். "நேராப் பாத்தே வரையலாமே, கண்ணாடில பாக்க எனக்கு இன்னா பைத்தியமா?" என்று அந்த அம்மாள் பென்சிலை வீசினார். தரகர் ரெக்கார்டில் எழுதிக்கொண்டார்: 'பங்கேற்பாளர் ஒத்துழைக்கவில்லை. எப்போதும் அப்படித்தான்.'

இரண்டாம் வருடம்தான் விபரீதம் நடந்தது. ஒருவர் நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்று ஒரு பாடம் வந்தது. ரேடியோ நின்றுவிட்டது. பாறைமேல் பாறையாக மலைகள் வாய்மூடி உட்கார்ந்திருக்கும் ஊரில் அவரும் ஒரு பாறையாக டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். "உடம்புக்கு எதுனா முடியலையா?" என்று மாஸ்டர் என்னிடம் ரகசியமாக விசாரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் என் மகளைப் பெண் பார்க்க அவலூர்பேட்டையிலிருந்து வந்தார்கள். தரகர் கொண்டுவந்த வரன்தான். நல்ல குடும்பம், கேசரி, பஜ்ஜி, எல்லாம் கூடி வந்த நேரம். தரகர் தொண்டையைச் செருமினார்.

"பாப்பா, உனக்கு இன்னா தோணுது?"

பஜ்ஜிகள் அந்தரத்தில் நின்றன. பையனின் அம்மா, "பொண்ணாண்ட போயி இதெல்லாமா கேப்பாங்க?" என்றார். என் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரியப்பா, உங்களாண்ட தனியாப் பேசணும்."

இருவரும் மாடிக்குப் போனார்கள். நாங்கள் கீழே ஆறிய காபியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கி வந்தவரைச் சமையலறைக்குள் இழுத்துப் போனேன்.

"இன்னாண்ணே சொன்னா?"

"அது அவ சொன்னது தம்பி."

"நான் பெத்தவன்!"

"அதான் சொல்றேன். பெத்தவன் நேரா அவளாண்டயே கேளு."

"ஊரு கதையெல்லாம் சொன்ன வாய்தானே இது?"

"அதனாலதான் ரொம்ப வலிக்குது" என்றார். "தொண்ட வரைக்கும் வந்து நிக்குதுப்பா." ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்து அதை உள்ளே அனுப்பினார்.

வந்தவர்கள் போன பிறகு மாடிக்குப் போனேன். "உக்காரு நைனா" என்றாள் மகள். அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். தரகரே சொல்லாததை நான் சொல்வதா? அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. மேலே படிக்கப் போய்விட்டாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வீட்டில் சிரிப்புச் சத்தம் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது. தரகுதான் அவருக்குப் போயிற்று.

பட்டம் வாங்கிய மறுநாளே அவர் மனைவி வாசலில் பலகையை மாட்டிவிட்டார். 'மனநல ஆலோசகர்'. பக்கத்தில் ஒரு மூளைப் படம். காலிஃப்ளவரைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும். மதியத்துக்குள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருவருக்குத் தொலைந்த ஆடு எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இன்னொருவருக்கு மருமகளை மாற்றித் தர வேண்டும், முடிந்தால் சாயங்காலத்துக்குள்.

தரகர் பதறி ஓடிவந்து பலகையைக் கழற்றினார். "இந்தப் பட்டத்த வெச்சிக்கினு உக்காரக் கூடாதுடி. இது மொதப் படி. மேல படிக்கணும், பெரியவங்க மேற்பார்வையில பழகணும், அப்புறம் பதிவு பண்ணணும். இப்ப மாட்டினா பொய்யி."

"இத்தினி வருஷமாப் பொய் சொல்லித்தானே சோறு போட்டே!"

"அது மாப்பிளைங்களப் பத்தி" என்றார் அவர். "இது என்னப் பத்தி."

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் பெட்ஷீட்டில் சுற்றிய பலகையோடு என் வீட்டுக்கு வந்தார். "உன் வீட்ல இருக்கட்டும் தம்பி. எங்க வீட்ல இருந்தா அவ மறுபடியும் மாட்டிடுவா."

"முடிக்கிறதுக்குள்ள வயசாயிடுமேண்ணே?"

"படிக்காம இருந்தா ஆகாதா?"

இப்போது மேற்படிப்புக்காக அதே மஞ்சள் பையோடு பாண்டிச்சேரி பஸ்ஸில் போய் வருகிறார். கடைசி சீட்டில் யாராவது அவர் காதில் எதையாவது கொட்டிக்கொண்டே வருகிறார்கள். "ம்ம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வருவதில்லை.

பலகை என் எழுதும் அறையில் சுவரைப் பார்த்து நிற்கிறது. போன ஆயுத பூஜைக்கு என் பேனாவுக்குச் சந்தனம் வைத்தபோது, அதைத் திருப்பி, தூசி தட்டி, அந்தக் காலிஃப்ளவருக்கும் ஒரு பொட்டு வைத்தேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.