நாற்காலிக்கு இருநூற்று நாற்பது

மீனில் எத்தனை வகை என்று கேட்டால் மூச்சு விடாமல் நாற்பது பெயர் சொல்லுவேன். மனிதர்களிலும் வகை உண்டு. அதில் ஒன்றைப் பற்றி இன்றைக்குச் சொல்லியே தீருவேன். வேண்டாம் என்றாலும் விடமாட்டேன். அந்த வகைக்குச் ‘சம்பளம் சொல்லி’ என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். புதுச்சேரியில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். உங்கள் தெருவில் இல்லையா? நன்றாகப் பாருங்கள்.

சம்பளம் சொல்லிக்கு ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தரின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, பிள்ளைகள் எத்தனை என்று தெரியாது. மாதம் என்ன வாங்குகிறார் என்பது மட்டும் காலணா பிசகாமல் தெரியும். இன்ஜினீயர் சைக்கிளில் போனால் நீங்களும் நானும் சைக்கிளைப் பார்ப்போம். இவர் “நானூத்தம்பது போவுது பாரு” என்பார். ஆஸ்பத்திரியில் டாக்டர் இவருடைய நாடியைப் பிடித்துப் பார்க்கும்போது, இவர் டாக்டரின் கைக்கடிகாரத்தைப் பார்த்து, படி எவ்வளவு, வீட்டு வாடகைக்கு எவ்வளவு என்று கூட்டிக்கொண்டிருப்பார். உத்தியோகஸ்தர் ஒருவர் செத்துப்போனால் மாலை போட்டு, கண்ணைத் துடைத்து, வீட்டுக்காரம்மாவிடம் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லி, வாசலுக்கு வந்ததும் “பாதி பென்ஷன் வருமில்ல?” என்பார்.

நேராகக் கேட்பாரா? மாட்டார். “சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்” என்றுதான் ஆரம்பிப்பார். அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கொடி மாறியதிலிருந்து இவர்களுக்கு வேலை இரட்டிப்பாகிவிட்டது. பிரெஞ்சுக்காரர் நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய சம்பளம் அப்படியே வருகிறது. பிறகு சேர்ந்தவர்களுக்குப் புதுச் சம்பளம், அது குறைச்சல். பக்கத்துப் பக்கத்து மேசை, ஒரே வேலை, ஒரே மின்விசிறி. ஒருவர் வீட்டில் பால் பாயசம், இன்னொருவர் வீட்டில் கஞ்சி. சம்பளம் சொல்லிக்கு இதைவிட வேறு திருவிழா வேண்டுமா?

எங்கள் தெருச் சம்பளம் சொல்லி தணிகாசலம். ஆலை ஒன்றில் ஏதோ வேலை. என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்டால், “ஏதோ ஓடுது” என்று குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார். கட்டின பெண்டாட்டி ஜெயத்துக்கே இருபது வருஷமாகத் தெரியாது. ஆனால் பெரிய ஆபீசர்கள் முதல் டவாலி போட்ட சேவகர் வரைக்கும் எல்லார் சம்பளமும் அவர் வாயில் இருக்கிறது.

போன தை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் புருஷன் இல்லாதவள். இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பெண்ணை வளர்த்தாள். பெண் சொர்ணத்துக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பலராமன் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. டவுனில் அறை எடுத்து, தானே பொங்கிச் சாப்பிடுகிற பிள்ளை. அப்பா கன்னியப்பன் சேதராப்பட்டில் வெள்ளாமை செய்கிறவர். ஐந்து பவுன் என்று பேசி முடித்தார்கள். ஒரு மாட்டை விற்றால் ஐந்து பவுன் தேறும், மிச்சம் ஒரு மாட்டை வைத்துத் தன் வயிற்றைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அஞ்சம்மாள் நினைத்திருந்தாள்.

தட்டு மாற்ற உட்கார்ந்தாயிற்று. வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் நடுவில். தெருப் பெரியவர் என்ற முறையில் தணிகாசலமும் ஜமுக்காளத்தில் இருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? மாப்பிள்ளை எந்த ஆபீஸ் என்றார், எந்த மாடி என்றார், எந்த ஜன்னல் ஓரம் என்றார். பலராமன் பாவம், வெகுளியாகச் சொன்னான். தணிகாசலம் தொடையைத் தட்டினார்.

“அந்த நாற்காலியா? அதுல முன்ன இருந்தவர எனக்குத் தெரியுமே. இருநூத்தி நாப்பது. இந்த நாற்காலிக்கு இருநூத்தி நாப்பது கன்னியப்பா, சும்மா இல்ல.”

கன்னியப்பன் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லவில்லை. மகன் அவரிடம் சொல்லியிருந்தது நூற்றுப் பத்து. அதில் மாதம் அறுபது ஊருக்கு அனுப்புகிறான். ஆக நூற்று முப்பது ரூபாய் மாதாமாதம் எங்கேயோ போகிறது!

“டேய் பலராமா, மிச்சம் எங்கடா?”

“நூத்திப் பத்துதாம்பா வாங்குறேன்.”

“பெரியவரு பொய் சொல்றாரா?”

தணிகாசலம் கும்பிட்ட கையோடு, தனக்கென்ன லாபம், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்றார். யாரை நம்புவார் கன்னியப்பன்? பெற்ற பிள்ளையையா, சம்பளம் சொல்லியையா? அரை நாழிகையில் இரண்டு காரியம் நடந்தது. இருநூற்று நாற்பது ரூபாய் மாப்பிள்ளைக்கு ஐந்து பவுன் காணாது, பத்து வேண்டும் என்று கன்னியப்பன் தட்டைத் தள்ளினார். மறைக்கிற பணம் எந்த வீட்டுக்குப் போகிறதோ, எவளுக்குப் போகிறதோ, என் பெண்ணைத் தரமாட்டேன் என்று அஞ்சம்மாளும் தட்டைத் தள்ளினாள். தட்டு நடுவில் நின்றது. கதவுக்குப் பின்னால் சொர்ணத்தின் வளையல் சத்தமும் நின்றுவிட்டது.

பழைய சம்பளம் எத்தனை ரூபாய், புதுச் சம்பளம் எத்தனை ரூபாய் என்று எனக்குத் தெரியாது. மீன் தெரியும். பெரிய மார்க்கெட்டில் முப்பது வருஷம் கூடை வைத்தவளுக்கு, யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்று அவர்கள் எந்த மீன் கூறைத் தொடுகிறார்கள் என்பதிலேயே தெரிந்துவிடும். முந்தானையைச் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

மாப்பிள்ளை மீன் வாங்குவது என்னிடம்தான், இன்று நேற்றல்ல, மூன்று வருஷமாக என்றேன். சம்பளம் வாங்கின அன்றைக்கு வஞ்சிரம், அதுவும் ஒரே ஒரு துண்டு. பத்தாம் தேதிக்குச் சங்கரா. பதினைந்துக்கு மேல் மலிவான காரப்பொடி மீன். இருபது தாண்டினால் வருவான், வஞ்சிரத்தைப் பார்த்துக் கும்பிடு போடுவான், கடைசியில் இருப்பதிலேயே மலிவான பொடி இறால், சென்னாக்குனி, ஒரு கை அள்ளிக்கொண்டு போவான்.

“ஆயா, அதெல்லாம் எதுக்கு இங்க” என்று பலராமன் தலையைக் குனிந்தான்.

“நீ சும்மா இரு. இருநூத்தி நாப்பது வாங்குறவன் எவனாவது சென்னாக்குனிக்குப் பேரம் பேசுவானா? அந்த நாற்காலியில முன்ன இருந்தவரும் எங்கிட்டதான் மீன் வாங்கினாரு. மாசக் கடைசியிலயும் வஞ்சிரம், அதுவும் நடுத்துண்டு. அவரு பிரெஞ்சுக்காரன் நாள்ல சேந்தவரு. இந்தப் புள்ள கொடி மாறினப்புறம் சேந்தவன். நாற்காலி ஒண்ணுதான், சம்பளம் வேற.”

கன்னியப்பன் மகனைப் பார்த்தார். மகனின் சட்டைக் காலர் நைந்துபோய்த் திருப்பித் தைத்திருந்தது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஐம்பது ரூபாயில் வாடகையும் கொடுத்து எப்படிடா சாப்பிடுகிறாய் என்று மெதுவாகக் கேட்டார். அவன் பதில் சொல்வதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

“சென்னாக்குனித் தொவையல் எனக்கு நல்லா அரைக்க வரும்மா.”

அவ்வளவுதான். அஞ்சம்மாள் சிரித்துவிட்டாள். ஐந்து பவுனுக்கே தட்டு மாறியது. ஒரு மாடு போயிற்று, ஒரு மாடு நின்றது. இன்றைக்கும் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறது.

தணிகாசலம் வெட்கப்பட்டார் என்று நினைக்கிறீர்களா? “நான் ஆளுக்கா சொன்னேன்? நாற்காலிக்குத்தான சொன்னேன்” என்று வாழைப்பழத்தை உரித்தார். அப்போது ஜெயம், அத்தனை பேருக்கு நடுவில், “அப்ப ஒங்க நாற்காலிக்கு எவ்ளோ?” என்றாள். மனிதர் பழத்தைப் பாதியில் வைத்துவிட்டுக் குடையைத் தேட ஆரம்பித்தார். அவருக்கு ஆலையில் நாற்காலியே கிடையாது என்பது என் ஊகம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நூற்றுப் பத்தில் அறுபது போனால் ஐம்பது என்று நான் சொல்வதற்கு முன்பே விரலை மடக்கியது யார்? வாடகை எவ்வளவு இருக்கும், புதுச் சம்பளத்தில் படி உண்டா, ஐந்து பவுன் கொஞ்சம் அதிகம்தானோ என்று உள்ளுக்குள் கூட்டிப் பார்த்தது யார்? நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

போகட்டும், நீங்களும் ஆபீசில்தானே இருக்கிறீர்கள்? உங்களுக்கு எவ்வளவு வருகிறது? சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்கிறேன்.