நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

உலகத்தில் ஒரு புத்தகம்கூடத் தொலையாத நூலகம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு விமானப் பராமரிப்புக் கொட்டகையின் பின்பக்கம், கழிப்பறைக்கும் மின்சாரப் பெட்டிக்கும் நடுவில் இருக்கிறது. அதைக் காத்து வருகிறவருக்குப் 'பூட்டு' என்று பெயர். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருப்பார்கள், அது இப்போது யாருக்கும் நினைவில்லை. முப்பது வருஷத்தில் அவர் கையை விட்டு ஒரு புத்தகம் வெளியே போனதில்லை. வெளியே போனால்தானே தொலையும்? இந்த மகத்தான உண்மையைக் கண்டுபிடித்ததற்காக, 'ஆவணப் பாதுகாப்பில் முதலிடம்' என்ற விருது ஏழு வருஷமாக அவருக்குத்தான். எட்டாவதை வாங்க அன்று மாலை ஐந்தரை மணி விமானத்தில் தலைமை அலுவலகத்துக்குக் கிளம்ப வேண்டும். கூடவே மேலாளரும் வருகிறார். சட்டைகூட இஸ்திரியாகி வந்துவிட்டது.

இப்படிப்பட்ட சுபதினத்தில்தான் டார்ச் அக்கா ஒரு விரிசலைக் கண்டுபிடித்துத் தொலைத்தாள்.

டார்ச் அக்கா ஆய்வாளர். விமானத்தின் வயிற்றுக்குள் டார்ச்சை அடித்துக்கொண்டு நுழைந்தாளானால், வெளியே வரும்போது முழங்கையெல்லாம் கிரீஸாக இருக்கும். அவள் கையெழுத்துப் போடாமல் எந்த விமானமும் கொட்டகையை விட்டு நகராது. பெரிய கௌரவம்தான். விமானம் விழுந்தால் முதலில் தேடி எடுப்பதும் அந்தக் கையெழுத்தைத்தான். அன்று ஐந்தரை மணி விமானத்தின் இடது இறக்கை, உடம்போடு சேருமிடம், ஒரு போல்ட் துளையின் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு கீறல். அளந்தாள். ஒன்பது மில்லிமீட்டர். சாக்பீஸால் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி, கடைசியில் பட்டென்று ஒடிக்கிறோமே, அதே சமாசாரம்தான். மனுஷன் மாதிரி உலோகமும் களைத்துப்போகும். எந்த இடத்தில் எவ்வளவு விரிசல் வரை பொறுக்கலாம், எவ்வளவு ஆனால் விமானத்தை நிறுத்த வேண்டும் என்று சொல்ல ஒரு கையேடு உண்டு. 'உலோகச் சோர்வும் சேதம் தாங்கும் அளவும்', தொகுதி மூன்று. இறக்கைக்கான அட்டவணை நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில். பழைய விமானம், பழைய கையேடு. அது கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆனால் நம் நூலகத்தில் இருக்கிறது. நாமெல்லாம் கொடுத்து வைத்தவர்கள்!

"அண்ணே, தொகுதி மூணு வேணும்."

"எதுக்கும்மா?"

"படிக்கத்தான்."

பூட்டின் முகம் சுண்டிப்போனது. "இப்படி ஆளாளுக்குக் கை வெச்சுத்தான் மத்த எடத்துல புஸ்தகமெல்லாம் நாசமாப் போச்சு."

"இறக்கையில விரிசல்ண்ணே. சாயங்காலம் போற விமானம்."

"விரிசல் இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். புஸ்தகம் போனா வருமா?"

"விரிசல் வரும்ண்ணே. போகாது."

இந்தத் தர்க்கம் நாற்பது நிமிஷம் நடந்தது. பிறகு பூட்டு கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். பிளாஸ்டிக் உறைக்குள் இன்னொரு உறை, அதற்குள் துணி. பச்சைக்குழந்தையை இறக்குவது போல மேஜைமேல் இறக்கினார்.

அக்கா திறந்தாள். முதல் பக்கம் தலைப்பு. இரண்டாம் பக்கம் திருத்தப் பதிவேடு: தேதி, எண், சுருக்கொப்பம், முத்து முத்தான கையெழுத்து. மூன்றாவது வெள்ளைத் தாள். நடுவில் ஒரே ஒரு வரி: 'இந்தப் பக்கம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டுள்ளது.' புரட்டினாள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். மொத்தம் முப்பத்தெட்டுத் தாள். கையேடு முடிந்துவிட்டது.

"அண்ணே... மத்த பக்கமெல்லாம்?"

"அழிச்சாச்சு."

"என்னது!"

"பின்னே? திருத்தம் வந்தா பழைய பக்கத்தை உடனே அழிக்கணும்னு விதி. எட்டு வருஷம் முன்னாடி எல்லாப் பக்கத்துக்கும் திருத்தம் வரப்போகுதுன்னு கடுதாசி வந்துச்சு. ஒரே மணி நேரம்! மொத்தத்தையும் கிழிச்சுப் போட்டேன். அந்த வேகத்துக்குத்தான் மொத விருதே."

"புதுப் பக்கம்?"

"வரும்."

"அப்ப இந்த முப்பத்தெட்டு மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

"வெறும் பக்கத்துல திருத்த என்னம்மா இருக்கு?" என்றார் பூட்டு, குழந்தைக்குச் சொல்வது போல.

அக்கா வேறு ஊர்க் கொட்டகை ஒன்றுக்குப் போன் போட்டாள். அங்கே இருந்தவர் சந்தோஷமாகப் பேசினார். "எங்களோடதைக் கரையான் தின்னுடுச்சுங்க. உங்ககிட்டதானே முழு செட் இருக்கு? வருஷா வருஷம் விருது வாங்குறீங்களே! எங்களுக்கு ஒரு நகல் அனுப்புங்க, புண்ணியமாப் போகும்."

மேலாளர் அவசரக் கூட்டம் கூட்டினார். டீ வந்தது. தீர்வும் வந்தது.

"எத்தனை மில்லிமீட்டருக்கு மேல போனா தப்பு?"

"அந்தப் பக்கம் இல்ல சார்."

"அப்ப தப்புன்னு எங்கேயும் எழுதல."

"சரின்னும் எழுதலையே சார்."

"எழுதாத ஒண்ணை வெச்சு எழுபது பேரைத் தவிக்க விடச் சொல்றியாம்மா? அளவு தெரியாத வரைக்கும் அது விரிசல் இல்ல. கோடு."

கூட்டக் குறிப்பில் 'கோடு' என்றே ஏறியது. ஒரு விரிசல் இவ்வளவு சீக்கிரம் குணமானது விமான சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை.

அக்கா பேனாவை மூடினாள். "சரிங்க சார். உங்க ரெண்டு பேருக்கும் எந்த வரிசை?"

"பதினாலு. ஏன்?"

"ஒண்ணுமில்ல. கோடு அதுக்கு நேர் கீழதான் இருக்கு. காதை வெச்சுக் கேட்டா சத்தம்கூடக் கேக்கும்."

மேலாளர் பூட்டைப் பார்த்தார். பூட்டு கூரையைப் பார்த்தார். "எனக்கு என்னமோ ரயில்ல போனாத்தாங்க தூக்கம் வருது" என்றார். மேலாளருக்கும் அந்த நிமிஷமே ரயில்மேல் தீராத பாசம் பிறந்தது. நாலு மணிக்கு ஒன்று இருந்தது. ஆனால் கோட்டின்மேல் வைத்த நம்பிக்கை மட்டும் இருவருக்கும் இம்மியளவும் குறையவில்லை. டிக்கெட்டைத்தான் ரத்து செய்தார்கள், விமானத்தை அல்ல.

"அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுடும்மா" என்றார் மேலாளர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

அக்கா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். 'இடது இறக்கை, போல்ட் துளை. விரிசல், ஒன்பது மில்லிமீட்டர். இந்த விமானம் பறக்கக் கூடாது.' கீழே கையெழுத்து, முத்திரை.

"எங்கேயும் எழுதலன்னீங்களே சார். இந்தாங்க, எழுதியாச்சு."

எழுதியதை மீற இந்த அலுவலகத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. விமானம் நின்றது. கோப்பில் சேராத தாளைக் கண்டால் பூட்டுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். ரயிலுக்கு நேரமாகியும் அதில் இரண்டு துளை போட்டு, நானூற்றுப் பன்னிரண்டாம் இடத்தில் கோத்துவிட்டுத்தான் கிளம்பினார். எட்டு வருஷத்தில் அந்தக் கையேட்டில் படிக்க ஒரு பக்கம் இருந்தது அப்போதுதான்.

நாலாம் நாள் இருவரும் விருதோடு திரும்பினார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதத்தையும் கையோடு வாங்கி வந்திருந்தார்கள்: 'நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குத் திருத்தம் வரவிருக்கிறது.' பூட்டு பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. நாலே நிமிஷத்தில் அக்கா எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார். தன் சாதனையைத் தானே முறியடித்தார்.

விமானத்தையும் பளபளவென்று கழுவிவிட்டார்கள். சாக்பீஸ் வட்டம் போன இடம் தெரியவில்லை. புது ஆய்வாளர் வந்திருக்கிறார், தங்கமான மனுஷர், டார்ச்சே வைத்துக்கொள்வதில்லை. அக்காவுக்குப் பதவி உயர்வு. பயணிகள் பெட்டி தள்ளும் வண்டிகளின் சக்கரங்களை இப்போது அவள்தான் பரிசோதிக்கிறாள்.

நிர்வாகத்துக்கு அவள்மேல் இருக்கும் குறை ஒன்றே ஒன்றுதான். வண்டியைக் கையில் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும், "அஞ்சரை மணி விமானமா?" என்று கேட்கிறாளாம். ஆமாம் என்றால், குரலைத் தாழ்த்திச் சொல்கிறாளாம்:

"நாலு மணிக்கு ரயில் இருக்குங்க. எங்க அதிகாரிங்கல்லாம் அதுலதான் போறாங்க."